தலை எந்தப் பக்கம் பார்க்கிறது?

தீப்பிடித்தால் தண்ணீர் தெளிக்கிற ஸ்பிரிங்க்ளர் தலையைத் தலைகீழாகப் பூட்டினாலும் அது ஒழுகாது. இந்தத் தொழிலில் எனக்குள்ள பெரிய பயமே அதுதான். வீட்டுத் தண்ணீர்க் குழாயில் பிழை விட்டால் தண்ணீரே காட்டிக்கொடுத்துவிடும். சுவர் ஊறும், கீழ் மாடிக்காரர் வந்து ஏசுவார். வயரிங்கில் பிழை விட்டால் ட்ரிப் விழும். தீயணைப்புக் குழாயில் மட்டும், மேலே பார்க்க வேண்டிய தலை கீழே பார்த்துக்கொண்டு நின்றாலும், அறைக்குள் வீச வேண்டியது சுவரைப் பார்த்துத் திரும்பியிருந்தாலும், வருடக்கணக்கில் ஒன்றும் தெரியாது. தெரியவருகிற அன்றைக்கு அதைத் திருத்த நேரம் இருக்காது.

வேலை முடிந்ததும் குழாயில் 200 பிஎஸ்ஐ, அதாவது 13.8 பார் அளவு அழுத்தம் ஏற்றி, 2 மணித்தியாலம் அப்படியே நிறுத்திப் பார்க்கிறோம். மீட்டர் முள் இறங்காவிட்டால் எல்லோருக்கும் சந்தோஷம். கொந்தராத்துக்காரர் கையொப்பம் வாங்கிவிடுவார், பையன்கள் தேத்தண்ணி குடிக்கப் போய்விடுவார்கள். அந்தச் சோதனை பார்ப்பது மூட்டுகளை. குழாயின் கோடியிலுள்ள டெஸ்ட் வால்வைத் திறந்துவிட்டு மணி அடிக்கிறதா என்று பார்ப்போமே, அது பார்ப்பது வால்வையும் மணியையும். தலையின் திசையைப் பார்க்கிற சோதனை என்று ஒன்று கிடையாது. ஏணி வைத்து ஏறி, டோர்ச் அடித்து, ஒவ்வொன்றாகக் கண்ணால் பார்க்க வேண்டியதுதான். அதைச் செய்யத்தான் ஆளில்லை.

நான் இலங்கை மலைநாட்டில், ஹட்டனுக்குப் பக்கத்தில் ஒரு தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவன். எங்கள் செட்டில் பாதிப் பேர் கொழும்புக் கடைகளுக்குப் போனார்கள், மீதிப் பேர் வளைகுடாவுக்கு. நான் கட்டாருக்குப் போய்ப் பைப் வேலை பழகினேன். திரும்பி வந்தபோது இங்கே மலைக்கு மலை ஹோட்டல் எழும்பிக்கொண்டிருந்தது. துரைமார் இருந்த பங்களாக்கள் விடுதியாகியிருந்தன. கந்தப்பளையில் ஒரு தேயிலை ஸ்டோரே, அதாவது தேயிலைத் தொழிற்சாலையே, நட்சத்திர ஹோட்டலாகி நிற்பது ஊரறிந்த விசயம். மூடிக்கிடக்கிற ஸ்டோரைப் பார்க்கிற முதலாளிமாருக்கெல்லாம் இப்போது அந்த ஆசை. எனக்கு வேலை கிடைப்பதும் அந்த ஆசையால்தான், அதனால் குறை சொல்ல மாட்டேன். ஆனால் கட்டாரில் பழகியது தட்டையான சீலிங்கில். இங்கே கூரை சாய்ந்திருக்கிறது, தண்ணீர் ஓடையிலிருந்து வருகிறது, பழைய மரக் கட்டடத்தின் எந்த மூலையும் நேராக இல்லை. தலையின் திசை இங்கே அங்கிருந்ததைவிட ஒரு மடங்கு கூடுதல் தலைவலி.

தலையைக் கையில் எடுத்துப் பார்த்தவர்கள் குறைவு என்பதால் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். ஒரு கைக்குள் அடங்கிவிடுகிற பித்தளைச் சாமான். ஒரு முனையில் மரை, பெரும்பாலும் அரை அங்குலம். அங்கிருந்து இரண்டு கைகள் வளைந்து போய் மறுமுனையில் சேரும். அந்தக் கைகளுக்கு நடுவே தண்ணீர்த் துளையை அடைத்துப் பிடித்தபடி ஒரு கண்ணாடி பல்ப். பல்பை ஏந்துகிற முனைக்கு வெளியே பற்கள் வெட்டிய ஒரு வட்டத் தகடு, அதுதான் டிஃப்ளெக்டர். பல்புக்குள் இருக்கிற திரவத்தின் நிறம் எத்தனை பாகையில் வெடிக்கும் என்று சொல்லும்: செம்மஞ்சள் 57, சிவப்பு 68, மஞ்சள் 79, பச்சை 93, நீலம் 141. பெட்டியிலிருந்து எடுத்ததும் தலையைப் படுக்கையாகப் பிடித்துப் பாருங்கள். பல்புக்குள் ஒரு சின்னக் காற்றுக்குமிழ் ஓட வேண்டும். 57 பாகைப் பல்பில் 1.6 மில்லிமீட்டர், 141 பாகைப் பல்பில் 2.4 மில்லிமீட்டர் அளவில் இருக்கும். குமிழே இல்லை, அல்லது திரவம் குறைந்திருக்கிறது என்றால் பல்ப் கீறியிருக்கிறது, அந்தத் தலையை ஒதுக்கிவைத்துவிட வேண்டியதுதான்.

படங்களில் காட்டுகிற மாதிரி ஒருவன் லைட்டரைப் பற்றவைத்தால் முழு ஹோட்டலிலும் மழை கொட்டுவதெல்லாம் கிடையாது. எந்தத் தலைக்குச் சூடு பட்டதோ அந்தத் தலை மட்டும் திறக்கும். புகைக்குத் திறக்காது. ஆகவே ஒரு அறையில் நெருப்புப் பிடித்தால் அந்த அறையிலிருக்கிற ஒன்றிரண்டு தலைகளை நம்பித்தான் ஆட்கள் தூங்குகிறார்கள். பக்கத்துத் தலை சரியாக இருக்கிறதே என்று ஆறுதல் பட முடியாது.

தொங்குகிற தலையைப் பென்டன்ட் என்போம், நிமிர்ந்து நிற்பதை அப்ரைட் என்போம். பெட்டியில் பார்த்தால் இரண்டும் ஒரே மாதிரித்தான். வித்தியாசம் முழுக்க அந்தத் தகட்டில். பென்டன்ட் தகடு தட்டையாக, இடையிடையே வெட்டுகளோடு இருக்கும். மேலிருந்து இறங்குகிற தண்ணீர் அதில் மோதி, கொஞ்சம் வெட்டுகளுக்குள்ளால் நேரே கீழும், மீதி சுற்றிவரவும் போகும். அப்ரைட் தகட்டின் ஓரப் பற்கள் துளையைப் பார்த்து மடிந்திருக்கும். கீழிருந்து மேலே பாய்கிற தண்ணீரை அந்தப் பற்கள் பிடித்துத் திருப்பிக் கீழே அனுப்பும். அப்ரைட்டைத் தொங்கவிட்டால் என்ன ஆகும்? அதே பற்கள் தண்ணீரைத் திருப்பிச் சீலிங்குக்கே அனுப்பும். பென்டன்ட்டை நிமிர்த்தி வைத்தாலும் தண்ணீர் கூரையைத்தான் கழுவும். இதைக் குழப்பிக்கொள்ளாமல் இருக்கத்தான் தகட்டிலேயே எழுத்து அடித்து விடுகிறார்கள்: எஸ்எஸ்யூ என்றிருந்தால் நிமிர்த்த வேண்டியது, எஸ்எஸ்பி என்றிருந்தால் தொங்கவிட வேண்டியது. எழுத்து சின்னதுதான், ஆனால் பித்தளையில் அடித்தது, அழியாது.

எல்ல பக்கம் ஒரு விடுதியில் வேறொரு குழு பூட்டிவிட்டுப் போனதைப் பார்க்கக் கூப்பிட்டார்கள். சாப்பாட்டு மண்டபத்தில் சீலிங் கிடையாது, குழாய் வெளியே தெரிகிறது. பார்க்க அழகாக இருக்கட்டும் என்று தலைகளையெல்லாம் குழாய்க்கு மேலே நிமிர்த்திப் பூட்டியிருந்தார்கள். ஏறிப் பார்த்தால் எல்லாம் எஸ்எஸ்பி. என்னோடு வந்த தம்பி கெட்டிக்காரன், ஆனால் தொழிலுக்குப் புதுசு. அவன் கேட்டான்:

“தண்ணி எப்படி அடிச்சாலும் கடைசியில கீழதானேண்ணே விழப்போகுது?”

நியாயமான கேள்வி. சிரித்து விட்டுவிட முடியாது. நான் அவனுக்குக் கணக்குப் போட்டுக் காட்டினேன். சாதாரணத் தலை ஒன்றின் கே எண் 80. ஒரு பார் அழுத்தத்தில் அது நிமிடத்துக்கு 80 லீற்றர் விடும். ஒரு தலைக்கு 12 சதுர மீட்டர் பரப்பு என்று வைத்துக்கொண்டால், ஒவ்வொரு நிமிடமும் அந்தப் பரப்பில் ஆறரை மில்லிமீட்டருக்கு மேல் தண்ணீர் விழ வேண்டும். நாட்டிலேயே அதிகம் மழை பெய்கிற இடங்களில் ஒன்று வட்டவளை. அங்கே ஆடி மாதம் நின்றவனுக்குத் தெரியும் மழை என்றால் என்னவென்று. அந்த மழையும் மணிக்கு 400 மில்லிமீட்டர் என்ற வேகத்தில் பெய்வதில்லை. தலை பெய்கிறது. ஆனால் எங்கே பெய்கிறது என்பதுதான் கேள்வி. கூரையில் மோதித் திரும்புகிற தண்ணீர் சட்டத்தின் வழியாக வழிந்து ஒரு பக்கம் கொட்டும், சுவரோரம் ஒழுகும். மேசைக்கடியில் எரிகிற நெருப்புக்கு நடுவில் வந்து விழ வேண்டிய துளிகள் அங்கே வராது. அதைவிட மோசம், மேல்நோக்கி அடிக்கிற தண்ணீர் பக்கத்துத் தலையின் பல்பை நனைத்துக் குளிர வைத்துவிடலாம். குளிர்ந்த பல்ப் வெடிக்காது. நெருப்புப் பக்கத்தில் இருந்தும் அந்தத் தலை சும்மா நிற்கும். தலைகளுக்கிடையில் 1.8 மீட்டராவது விட வேண்டும் என்ற விதி இருப்பதே இந்தக் காரணத்துக்காகத்தான்.

அந்த மண்டபத்தில் மரை, குழாய், இடைவெளி எல்லாம் சரி. தலைகளை மட்டும் கழற்றி அப்ரைட் போட்டோம். பழைய குழுவை ஒரேயடியாக முட்டாள்கள் என்று சொல்லவும் எனக்கு மனமில்லை. இந்தப் பழக்கத்துக்கு ஒரு வரலாறு இருக்கிறது.

அமெரிக்காவில் ஹென்றி பார்மலி என்ற பியானோ தொழிற்சாலைக்காரர் 1874இல் தன் கட்டடத்துக்காக ஒரு தலை செய்தார். அதற்குப் பிறகு ஃப்ரெடெரிக் கிரினெல் அதைத் திருத்தித் தொழிலாகவே வளர்த்தார். அந்தக் காலத்துத் தலைகள் தண்ணீரில் ஏறக்குறைய நாற்பது வீதத்தை வேண்டுமென்றே மேலே அடித்தன. ஆலைகளின் சீலிங்கெல்லாம் மரம், அதை நனைத்துவைத்தால்தான் கட்டடம் பிழைக்கும் என்பது அன்றைய எண்ணம். அந்தத் தலையை எப்படிப் பூட்டினாலும் மேலும் அடிக்கும், கீழும் அடிக்கும். 1950களில்தான் முழுத் தண்ணீரையும் கீழே, நெருப்பின் மேல் விட்டால் சீலிங்கும் தானாகக் குளிர்ந்துவிடும் என்று சோதித்துக் கண்டு, இன்றைய தலைகள் வந்தன. பழைய வகை இன்னும் சில பட்டியல்களில் விற்கிறது. ‘எப்படிப் போட்டாலும் வேலை செய்யும்’ என்று பழைய தொழிலாளியான ஒரு பாஸ் சொன்னால் அவர் பொய் சொல்லவில்லை. அவர் பழகிய தலை வேறு.

இனி நம் மலைநாட்டு விசயத்துக்கு வருகிறேன்.

பழைய ஸ்டோர் என்றால் மூன்று நான்கு மாடி. மேல் மாடிகள் கொழுந்து வாட்டுவதற்கு, பலகைத் தரை, வரிசையாக யன்னல், உச்சியில் இரண்டு பக்கமும் சாய்ந்த தகரக் கூரை. அந்தக் கூரைக்குக் கீழே ஹோட்டல் அறை போட்டாலும் சரி, ஸ்டோராகவே ஓடினாலும் சரி, அங்கே அப்ரைட் தலைதான் பொருத்தம். சூடான புகை மேலே எழும்பிக் கூரையில் முட்டி, சாய்வைப் பிடித்துக்கொண்டு முகட்டை நோக்கி ஏறும். தட்டைச் சீலிங்கில் தலையின் தகடு சீலிங்குக்குக் கீழே 25 மில்லிமீட்டருக்குக் குறையாமலும் 300 மில்லிமீட்டருக்குக் கூடாமலும் இருந்தால் போதும் என்பார்கள். சாய்ந்த கூரையில் அதோடு இன்னொன்று சேர்கிறது: தகடு தரைக்குச் சமாந்தரமாக இருக்கக்கூடாது, கூரைக்குச் சமாந்தரமாக இருக்க வேண்டும். கூரை எவ்வளவு சாய்கிறதோ தகடும் அவ்வளவு சாய வேண்டும். உச்சியில், முகட்டுக்கு நேர் கீழே வருகிற தலையை மட்டும் மட்டமாக வைக்கலாம். அதுவும் முகட்டிலிருந்து செங்குத்தாக 0.9 மீட்டருக்குள் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் சூடு முதலில் போய்ச் சேருகிற இடத்தில் தலையே இல்லாமல் போய்விடும்.

இங்கேதான் நல்ல வேலைக்காரனும் தடுமாறுவான். கிளைக்குழாய் முகட்டுக்குச் சமாந்தரமாக, ரீப்பர் ஓடுகிற திசையில் ஓடும். அதில் டீ, அதாவது மூன்று வாய் உள்ள இணைப்பு, போடும்போது கை தானாக வாய் நேரே வானத்தைப் பார்க்கும்படி வைத்துவிடும். மட்டப்பலகை பிடித்துப் பார்த்தால் அழகாகச் செங்குத்து, பார்க்கிறவர் மெச்சுவார். ஆனால் அப்படி நின்றால் தகடு மட்டமாகிவிடும். சாய்வின் இறக்கப் பக்கம் போகிற தண்ணீர் சில அடி தூரத்திலேயே தகரத்தில் மோதி நின்றுவிடும். ஆகவே டீயை இறுக்குவதற்கு முன்னாலேயே குழாயை உருட்டி, வாய் கூரைக்குச் செங்குத்தாக வரும்படி சாய்த்துவிட வேண்டும். நான் செய்கிற முறை இது: கூரைச் சட்டத்தின் சரிவுக்கு ஒட்டி ஒரு நேரான பலகைத் துண்டு பிடித்து, டீயில் தற்காலிகமாக ஒரு நிப்பிளை, அதாவது மரை வெட்டிய குட்டைக் குழாய்த் துண்டைப் போட்டு, மூலைமட்டம் வைத்து இரண்டுக்கும் நடுவே தொண்ணூறு பாகை பார்ப்பது. ஒரு வரிசைக்கு முதல் டீயைச் சரிபார்த்துவிட்டால் மற்றதையெல்லாம் அதைப் பார்த்துக் கண்ணாலேயே ஒழுங்குபடுத்தலாம். தலையைக் கடைசியில்தான் பூட்ட வேண்டும்.

இதைவிட நுணுக்கமான ஒன்று அந்த இரண்டு கைகள். நிமிர்ந்த தலையிலிருந்து கீழே வருகிற தண்ணீர் தன் குழாயையே தாண்டித்தான் போக வேண்டும். குழாய்க்கு நேர் கீழே ஒரு நீளக்கோட்டில் தண்ணீர் குறையும். அதைத் தவிர்க்க முடியாது. தலையின் கைகளும் அதே மாதிரி தங்களுக்குப் பின்னால் ஒரு கோட்டை மறைக்கும். கைகள் இரண்டையும் குழாய் ஓடுகிற திசையிலேயே நிறுத்தினால் இரண்டு மறைப்பும் ஒன்றின் மேல் ஒன்று விழும், கெட்டுப்போவது ஒரே கோடு. கைகளைக் குறுக்கே நிறுத்தினால் இன்னொரு பக்கமும் காய்ந்த கோடு விழும். அதனால்தான் அப்ரைட் தலையின் கைகள் கிளைக்குழாய்க்குச் சமாந்தரமாக இருக்க வேண்டும் என்று விதியே இருக்கிறது. தயாரிப்பாளர் வேறு மாதிரி சொல்லியிருந்தால்தான் மாற்றலாம். கீழே நின்று அண்ணாந்து பார்க்கும்போது குழாயின் இருபுறமும் தலையின் கை எதுவும் துருத்திக்கொண்டு தெரியக்கூடாது. வரிசையாக ஒரு முறை பார்த்தாலே குறுக்கே நிற்பது கண்ணில் குத்தும். ஒரு மண்டபத்தில் நடந்துபோகிற நேரத்தில் பார்த்து முடித்துவிடலாம். ஆனாலும் நான் பார்த்த இடங்களில் அதிகம் பிழையாக இருப்பது இதுதான்.

பருமனான குழாயில் தலையை நேரடியாக ஏற்றாமல் ஒரு நிப்பிள் வைத்துக் கொஞ்சம் உயர்த்துவதும் இந்த மறைப்புக்காகத்தான். அதற்கு மேல் அதைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை.

தண்ணீருக்கு வருகிறேன். கொழும்பில் நகரக் குழாய்த் தண்ணீர், பம்ப், சுத்தமான நீர்த்தாங்கி. தோட்டப் பக்கம் அப்படியில்லை. மேலே மலையில் ஒரு ஓடையை மறித்து, வாய் திறந்த தாங்கியில் தேக்கி, அங்கிருந்து குழாய் இறக்கியிருப்பார்கள். தோட்டத்து ஆட்கள் தண்ணீர் பிடிக்கிற பீலிக்கு வருகிற அதே தண்ணீர்தான். இதில் ஒரு பெரிய நன்மை உண்டு. பத்து மீட்டர் உயரத்துக்கு ஏறக்குறைய ஒரு பார் அழுத்தம், முப்பது மீட்டர் மேலே தாங்கி இருந்தால் பம்ப் இல்லாமலே மூன்று பார். கரண்ட் போனாலும் தண்ணீர் வரும். ஆனால் மழை பெய்த மறுநாள் பீலியில் வருகிற தண்ணீரின் நிறத்தை எல்லோரும் பார்த்திருப்போம். மண், இலைத்துணுக்கு, மணல் எல்லாம் குழாய்க்குள் வந்து அடியில் படியும். பென்டன்ட் தலையைக் குழாயின் அடியிலிருந்து நேரே கீழே இறக்கினால், அந்தப் படிவு முழுக்கத் தலைக்கு மேலுள்ள சின்ன நிப்பிளுக்குள் இறங்கிக் குடியிருக்கும். தலை வெடித்துத் திறக்கும்போது முதலில் வருவது சேறு. துளை அடைபட்டால் அதுவும் வராது.

இதற்கு வழி, பென்டன்ட் போட வேண்டிய இடத்தில் தண்ணீரைக் குழாயின் மேல்பக்கத்திலிருந்து எடுத்து, எல்போ வைத்து வளைத்து, பிறகு கீழே இறக்குவது. மண் குழாயின் அடியில் தங்கிவிடும், தலைக்கு வராது. ஓடை, குளம், வாய் திறந்த தாங்கி ஆகியவற்றிலிருந்து தண்ணீர் எடுத்தால் இப்படித்தான் வளைக்க வேண்டும் என்று அமெரிக்க விதிநூலே சொல்கிறது. அப்ரைட் என்றால் இந்தத் தொல்லையே இல்லை, தலை குழாய்க்கு மேலே இருக்கிறது. ஒரு கொந்தராத்துக்காரரிடம் இதைச் சொன்னபோது, ‘ஒரு தலைக்கு இரண்டு எல்போ கூட வாங்கணுமே தம்பி, சல்லி யார் கொடுக்கிறது?’ என்றார். மேலே ஏறித் தாங்கிக்குள் கையை விட்டு ஒரு பிடி எடுத்துக் காட்டினேன். எல்போ வந்தது.

விடுதி அறைகளில் வேறு மாதிரி. பங்களாவின் மரச் சீலிங்கில் ஓட்டை போட முதலாளிக்கு மனம் வராது, எனக்கும் வராது. அதனால் குழாயை நடைபாதை வழியே கொண்டுபோய், கதவுக்கு மேலே சுவரைத் துளைத்து, அறைக்குள் படுக்கையாக நீட்டுகிற சைட்வோல் தலை போடுவோம். இந்தத் தலையில்தான் திசை ஒரு தப்படி கூடப் பிசகக்கூடாது. தகட்டில் மேல்பக்கம் எது என்று அடித்திருப்பார்கள், தண்ணீர் போகிற திசைக்கு அம்புக்குறி இருக்கும். சீலிங்குக்குக் கீழே 100 முதல் 150 மில்லிமீட்டருக்குள் தகடு வர வேண்டும். மேல்பக்கம் சரியாக மேலே வந்தால் தண்ணீர் அறைக்குள் தூரத்துக்குப் போய் விழும், கொஞ்சம் தனக்குப் பின்னால் சுவரையும் நனைக்கும். பத்துப் பாகை திரும்பியிருந்தால் ஒரு பக்கம் சீலிங்கை அடிக்கும், மறுபக்கம் கட்டிலுக்கு இந்தப் பக்கமே தரையில் விழும். கட்டிலில் படுத்திருப்பவர் இரண்டுக்கும் நடுவில்.

பிரச்சினை மரையில். கூம்பு மரை என்பதால் எந்த இடத்தில் இறுகும் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது. இறுகிய இடத்தில் மேல்பக்கம் பக்கவாட்டில் நிற்கும். அப்போது எல்லோருக்கும் வருகிற ஆசை, ஒரு கால் சுற்று பின்னால் திருப்பிவிடுவது. திருப்பினால் டேப் கிழிந்து, இன்றைக்கில்லாவிட்டால் அடுத்த மாதம் ஒழுகும். இன்னொரு ஆசை, இன்னும் ஒரு அரைச்சுற்று பலம் போட்டு இறுக்கிக் கொண்டுவருவது. அரை அங்குலத் தலைக்கு 7 முதல் 14 அடி-பவுண்டு விசை போதும். 21ஐத் தாண்டினால் தலையின் இருக்கை நெளிந்துவிடும், துளை அடைப்பு கசியும். அந்த 7க்கும் 14க்கும் இடையிலுள்ள திருப்பத்துக்குள் மேல்பக்கத்தைக் கொண்டுவர முடிந்தால் நல்லது. முடியாவிட்டால் முழுதாகக் கழற்றி, மரையைத் துடைத்து, டேப்பைப் புதிதாகச் சுற்றி, அல்லது பின்னாலுள்ள சொக்கட்டை மாற்றி மறுபடி போட வேண்டும். தலைக்கென்று வருகிற ஸ்பெனரைத்தான் பாவிக்க வேண்டும். பைப் ரென்ச்சைக் கொண்டுபோய்த் தலையின் கைகளில் பிடிக்கிறவனை நான் அந்த இடத்திலேயே இறக்கிவிடுவேன். பல்பைச் சுற்றியிருக்கிற செம்மஞ்சள் பிளாஸ்டிக் காப்பு, பூட்டி முடிகிற வரை இருக்க வேண்டும், முடிந்ததும் எடுத்துவிட வேண்டும்.

ஸ்டோர் ஸ்டோராகவே ஓடுகிற இடத்தில் இன்னும் இரண்டு சங்கதி. தேயிலை காயவைக்கிற டிரையருக்கு மேலே கூரையடியில் சூடு எப்போதும் அதிகம். சிவப்புப் பல்ப் போடுகிற இடத்தில் சீலிங்கடிச் சூடு 38 பாகையைத் தாண்டக்கூடாது, டிரையர் ஓடும்போது அது தாண்டும். மஞ்சள் அல்லது பச்சை போட்டால் 66 வரை தாங்கும். இல்லாவிட்டால் நெருப்பே இல்லாமல் ஒரு நாள் தலை திறந்து, காய்ந்த தூளெல்லாம் நனைந்து, ஸ்டோருக்குப் பொறுப்பான டீமேக்கர் ஐயா நம் வீட்டைத் தேடி வருவார். அடுத்தது தேயிலைப் பஞ்சு, அதாவது தேயிலையிலிருந்து பறக்கிற மெல்லிய தூசி. அப்ரைட் தலையின் தகடு மேலே இருப்பதால் பஞ்சு அதில்தான் படியும், பல்பையும் மூடும். மூடிய பல்புக்குச் சூடு தாமதமாகத்தான் எட்டும். துணியால் துடைக்கப்போய் பல்பைத் தட்டிவிடாமல், தொடாமலே காற்றால் ஊதியோ வெக்யூமால் இழுத்தோ எடுக்க வேண்டும்.

முதலாளிமாரோடு நடக்கிற சண்டையில் பெரியது பெயின்ட். சீலிங்குக்குள் ஒளிந்திருக்கிற தலைக்கு ஒரு வட்டமூடி வரும். அந்த மூடி ஈயப்பற்றில் ஒட்டியிருக்கும். 68 பாகைத் தலையின் மூடி 57 பாகையிலேயே விழுந்து தலைக்கு வழிவிட வேண்டும். தேக்குச் சீலிங்கில் வெள்ளை வட்டம் அசிங்கமாக இருக்கிறது என்று ஒருவர் வார்னிஷ் அடித்துவிட்டார். மூடி சீலிங்கோடு ஒட்டிப்போயிற்று. “சேர், நிறத்துக்கு ஏற்ற மூடி கொம்பனியிலேயே கேட்டு எடுக்கலாம், நாம அடிக்கக்கூடாது” என்றேன். “மழை வந்தா ஒழுகாதுல்ல?” என்று கேட்டார். கூரையும் ஸ்பிரிங்க்ளரும் அவர் மனதில் ஒன்றாகிவிட்டன.

இந்த அறைகளில் வேலை செய்துவிட்டுச் சாயந்திரம் லயத்துக்குத் திரும்பும்போது ஒரு எரிச்சல் வராமல் இருப்பதில்லை. ஒரே கூரையின் கீழ் வரிசையாக வீடுகள். பிரிக்கிற சுவர் பல இடங்களில் கூரை வரை போவதில்லை. ஒரு காம்பராவில் வயர் பற்றினால் நெருப்புக் கூரையடி இடைவெளியால் எல்லா வீட்டுக்கும் ஓடிவிடுகிறது. 110க்கு அடித்தாலும் வண்டி டவுணிலிருந்து தோட்டப் பாதையில் ஏறி வருவதற்குள் தகரம் மட்டும்தான் மிஞ்சும். அங்கே ஸ்பிரிங்க்ளர் போடச் சொல்லி நான் கேட்கவில்லை. பிரிசுவரை மேசன் பாஸ் ஒருவரை வைத்துத் தகரம் வரை உயர்த்திக் கட்டினாலே ஒரு வீட்டு நெருப்பு ஒரு வீட்டோடு நிற்க வழியுண்டு. அதற்குச் சல்லி இல்லை என்கிறார்கள்.

இந்த வேலையை ஒருவரிடம் கொடுத்துச் செய்விக்கிறவர்கள் கடைசி நாளில் என்ன பார்க்கலாம் என்று கேட்டால், நான் சொல்வது: அழுத்தச் சோதனைக்கு வருகிற அதே நாளில் ஒரு டோர்ச்சும் ஏணியும் எடுத்துக்கொள்ளுங்கள். குழாய்க்கு மேலே நிற்பதில் எஸ்எஸ்யூ இருக்கிறதா, தொங்குவதில் எஸ்எஸ்பி இருக்கிறதா. நிமிர்ந்ததன் கைகள் குழாயோடு ஓடுகின்றனவா. சாய்ந்த கூரையில் தகடும் சாய்ந்திருக்கிறதா. சைட்வோலின் மேல்பக்கம் மேலேதானா. செம்மஞ்சள் காப்பு எதிலாவது மறந்துபோய் இருக்கிறதா. தலைக்குக் கீழே அரை மீட்டர் அளவுக்கு அலுமாரி, பெட்டி எதுவும் முட்டாமல் வெற்றிடம் இருக்கிறதா. இதற்குப் பொறியியல் படித்திருக்க வேண்டியதில்லை, கழுத்து வலிக்கும், அவ்வளவுதான்.

பிறகு அந்தச் சிவப்புப் பெட்டி. எல்லா இடத்திலும் அதில் மாற்றுத் தலைகள் வைக்க வேண்டும். முந்நூறுக்குக் குறைந்த தலைகள் உள்ள கட்டடத்தில் குறைந்தது ஆறு தலைகள் இருக்க வேண்டும், கூடவே அதன் ஸ்பெனரும். ஆனால் அப்ரைட், பென்டன்ட், சைட்வோல் மூன்றுக்கும் மரை ஒன்றுதான், எதுவும் எங்கும் பூட்டுப்படும். நாம் சரியாகப் பூட்டிவிட்டு வந்து மூன்று வருடம் கழித்து, யாரோ ஏணியை இழுக்கும்போது ஒரு பென்டன்ட்டை உடைத்துவிடுவார்கள். பராமரிப்புக்காரர் பெட்டியைத் திறந்து கைக்கு வந்ததைப் போட்டுவிடுவார். ஒழுகாது. அதனால் நான் பெட்டிக்குள் அட்டை வைத்து மூன்று அறையாகத் தடுத்து, ஒவ்வொன்றிலும் எந்த மாடி, எந்த அறைக்கு என்று தமிழிலும் சிங்களத்திலும் எழுதி, தலை எப்படி நிற்க வேண்டும் என்று படமும் வரைந்து மூடியின் உள்பக்கம் ஒட்டிவிடுகிறேன். போன மாதம் ஒரு இடத்திலிருந்து பராமரிப்புக்காரர் போன் பண்ணினார்: “அண்ணே, நடைபாதையில ஒண்ணு உடைஞ்சிருச்சு. பெட்டியில அந்த அறை காலி. பக்கத்து அறையில இருக்கிறத போடலாமா?” போட வேண்டாம், அந்தக் கிளையின் வால்வை மூடிவிட்டு அந்தப் பக்கம் ஒரு ஆளைக் காவல் வையுங்கள், நாளைக் காலை சரியான தலையோடு வருகிறேன் என்று சொன்னேன்.